கை மூடும்வரை

ஹட்டனுக்கு மேலே, எங்கள் தோட்டத்து மாதா கோயிலில் பாடகர் குழுவை நடத்தியவர் என் அண்ணன். ஆறு நாளும் தேயிலைத் தொழிற்சாலையில் இலை அரைக்கும் மெஷினோடு மல்லாடிவிட்டு, ஞாயிறு காலையில் வெள்ளைச் சட்டையோடு எங்கள் முன்னால் வந்து நிற்பார். நாங்களோ கொழுந்து பறிப்பவர்கள், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவர்கள். அத்தனை குரலையும் வெறும் கையால் கட்டி மேய்த்தார்.

“காலையில பெரட்டுல ஆள் கணக்கெடுக்கிற தோட்டத்துத் தொரைகூட இப்படிக் கைய நீட்டி வேலை வாங்கினதில்லப்பா,” என்று என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். அண்ணன் சிரிக்கவே மாட்டார். பாட்டு என்று வந்துவிட்டால் அவருக்குச் சிரிப்பு வராது. எனக்கு அதுதான் எரிச்சல்.

ஒரு விஷயத்தில் அவர் மகா பிடிவாதம். பாட்டின் கடைசி இழுப்பை, அவர் கை மூடும்வரை யாரும் விடக்கூடாது. மூச்சு முட்டினாலும் சரி. “ஆரம்பிக்கிறது பெரிய காரியமில்ல. எல்லாரும் ஒண்ணா நிறுத்தணும். அதுக்குத்தான் நான் நிக்கிறேன்,” என்பார். முந்திக்கொண்டு நிறுத்தி நான் வாங்கிய முறைப்புக்குக் கணக்கே இல்லை.

தோட்டத்து ஆட்களில் யார் இங்கே, யார் இந்தியாவுக்கு என்று இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுப் பிரித்ததில், எழுபதுகளில் எங்களுக்கும் அந்த நாள் வந்தது. என் வீட்டுக்காரருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் நான் தங்கினேன். அண்ணனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரை இரண்டு நாட்டுக்குப் பிரித்துவிட்டார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ரயிலை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஸ்டேஷன் முழுக்கக் கட்டிப்பிடித்து அழுகை. அண்ணன் எங்களை மட்டும் வரிசையாக நிறுத்தினார். “யாரும் அழக்கூடாது. பாடுங்க.” அண்ணி பிள்ளைகளோடு உள்ளே உட்கார்ந்திருக்க, அவர் பெட்டி வாசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார். பாடினோம். ரயில் நகர்ந்தது. கை அசைந்துகொண்டே போனது. கடைசி இழுப்புக்கு நாங்கள் வந்த நேரம் பெட்டி வளைவில் திரும்பிவிட்டது.

கை மூடியதை நாங்கள் பார்க்கவில்லை. அதனால் யாரும் நிறுத்தவில்லை. பழக்கிவிட்டாரே! ஒவ்வொருவருக்கும் மூச்சுத் தீர்ந்து, ஒவ்வொன்றாகக் குரல் உதிர்ந்தது. நான்தான் கடைசிவரை பிடித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது பாட்டாக இல்லை, அழுகையாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு, பூசை வைக்க வந்த பங்குச் சுவாமி என்னைக் குழுவுக்கு முன்னால் நிற்கச் சொன்னார். கோபம்தான் வந்தது. அண்ணன் நின்ற இடத்தில் நானா? பிறகு எண்பதுகள் முடியும்வரை அங்கேதான் நின்றேன், அது வேறு. அன்றைக்குத் திரும்பிப் போகத்தான் பார்த்தேன். அப்போது என்னோடு கொழுந்து பறிக்கும் ஒருத்தி சொன்னாள்: “அக்கா, அந்தப் பாட்டு இன்னும் முடியலைங்களே.”

கையைத் தூக்கினேன். கடைசி அடியை மட்டும் பாடச் சொன்னேன். இழுப்பு வந்தது. எல்லோர் கண்ணும் என் கையில். மூடினால் முடிந்துவிடும் என்று தெரிந்ததால் மூட மனமே வரவில்லை. முன்வரிசையில் ஒருத்திக்கு மூச்சு முட்டி முகம் சிவந்தது. அவள் விடவில்லை.

மூடினேன். ஒரு குரல்கூட முந்தவில்லை, பிந்தவில்லை. அண்ணன் போய்விட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.