மாதனூருக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர்

பகல் பன்னிரண்டு மணி. ஏலகிரியில் புங்கனூர் ஏரிக்கரையை விட்டுக் கிளம்ப மனமே வரவில்லை. ஒரு டீ போதும் என்று உட்கார்ந்தவள் மூன்று டீ குடித்துவிட்டேன். ஒன்று பதினைந்து ரூபாய். நான்கு நாள் சைக்கிள் பயணத்தில் இது கடைசி நாள். மாதனூரில் தனியாகப் புறப்பட்டு ஒடுகத்தூர், ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் ஏரி, திருப்பத்தூர், பிறகு இந்த மலை. எங்கேயும் சைக்கிளை வண்டியில் ஏற்றவில்லை. ஏற்ற மாட்டேன் என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். வீடு போய்ச் சேர இன்னும் அறுபது கிலோமீட்டர்.

மாலை ஆறு மணிக்குள் மாதனூர் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் கம்பெனி பஸ் வரும், ஸ்டெல்லா இறங்குவாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மெஷின். பஸ்ஸில் ஒரே சீட்டு. முதலில் ஏறுகிறவள் சாப்பாட்டுப் பையை வைத்து இடம் பிடிப்பாள். பை இருக்கிற இடத்தில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள், அது எங்கள் பஸ்ஸின் சட்டம். ஜன்னலில் மலை தெரிந்தால் போதும், "ஏலகிரி எப்டி இருக்கும்டி?" என்பாள். ஒருநாள் போகலாம் என்பேன். மூன்று மாதம் முன்பு தையல் கடை போடுவதற்காக வேலையை விட்டேன். சொன்னால் அழுவாளே என்று அவளிடம் சொல்லாமல் விட்டேன். அன்றிலிருந்து அவள் என் போனை எடுப்பதில்லை. தப்பு என்னுடையதுதான்.

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துவிட்டது. இரண்டரைக்கு வாணியம்பாடி. மூன்றே முக்காலுக்கு, ஆம்பூருக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கையில் பின் டயர் புஸ்ஸென்று போனது. ஊர்வரை தள்ளிக்கொண்டே வந்தேன். சைக்கிள் கடை பாய் டயரிலிருந்து ஓர் ஆணியைப் பிடுங்கிக் காட்டினார்.

"ஷூ ஆணிமா. டியூப் கிழிஞ்சி போச்சு, மாத்தணும். பேஜார் ஆவாதீங்க, முடிச்சிட்றேன்."

இத்தனை வருடம் ஷூ தைத்தவளுக்கு மலையில் ஒன்றும் ஆகவில்லை, சொந்த ஊர் ஆணி வழிமறித்தது. டியூபும் கூலியும் இருநூற்று எண்பது ரூபாய்.

ஐந்தேகாலுக்குத்தான் கிளம்ப முடிந்தது. மாதனூருக்குச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், எதிர்க்காற்று. ஐந்து ஐம்பத்தைந்துக்கு, இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும்போதே பின்னால் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஸ்டெல்லா பார்க்கட்டும் என்று ஓரமாக நின்று கையைத் தூக்கி ஆட்டினேன்.

பஸ் நின்றுவிட்டது. எங்கள் ரோட்டில் பெண்பிள்ளை கை தூக்கினால் கம்பெனி பஸ் நிற்கும். டிரைவர் அண்ணனுக்குக் கால் தானாகப் பிரேக்கில் போய்விடும். என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, நீயா? யாரோ பொண்ணு பஸ்ஸ வுட்டுட்டாளோன்னு நின்னுட்டேன். சரி ஏறு, சைக்கிள பின்னாடி போட்டுக்கலாம். உன் எடம் காலியாத்தான் இருக்குது."

"என் இடமா?"

"மூணு மாசமா பையி உக்காந்துனு வருது. ஸ்டெல்லா யாரையும் உக்கார வுடமாட்டேங்குறா."

எங்கள் சீட்டு இருக்கும் நான்காவது ஜன்னலை எட்டிப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் அவள் பை. ஸ்டெல்லா வேண்டுமென்றே அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். ஏறிவிடலாம் என்று ஒரு காலைப் படியில் வைத்தேன். இருநூறு கிலோமீட்டர் வீறாப்பும் போகட்டும்.

"ஏறாத," என்றாள் ஸ்டெல்லா. இன்னும் என்னைப் பார்க்கவில்லை. "இம்மாந்தூரம் மெதிச்சிட்டு, இப்ப ஏறுவியா?"

எழுந்து இறங்கி வந்தாள். கேரியரில் கட்டியிருந்த என் மூட்டையை அவிழ்த்து, தன் பையோடு சேர்த்து டிரைவரிடம் கொடுத்தாள். "அண்ணே, இத அந்த சீட்ல வெச்சி ஸ்டாப்புல எறக்கிடு." பஸ் போனது. கேரியரில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஜவ்வாது மலை ஏற்றத்தில்கூட இப்படி மூச்சு வாங்கவில்லை. ஒரு கிலோமீட்டர் மிதித்திருப்பேன். பிறகு முதுகுக்குப் பின்னால் அந்தப் பழைய கேள்வி வந்தது.

"ஏலகிரி எப்டி இருக்குது?"

"மேலேர்ந்து நம்ம ரோடு தெரியுது. நம்ம பஸ் தெரியுதான்னு ரொம்ப நேரம் பாத்தேன்."

"தெரிஞ்சிதா?"

"இல்லடி."

"அத பாக்கவா அம்மாந்தூரம் போன?" என்று முதுகில் ஒரு குத்து விட்டாள். விட்ட கையை எடுக்கவில்லை. மாதனூர் வரும்வரை என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.