ரப்பருக்கு அடியில் மறைத்த துரு

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் மாமனார் காலத்துக் கார் ஒன்று இருக்கிறது. ஏறி இறங்க, இருபுறமும் ரப்பர் ஒட்டிய நீளமான ஃபுட்போர்டு. போன வருடம் அந்த ரப்பர் வெடித்துப்போனதால் உரித்தெடுத்தேன். அடியில் இருந்த தகரம் துருவேறி, விரல் பட்டாலே உதிர்ந்தது.

கார் தகர வேலை செய்யும் டிங்கர் சேவியர் பார்த்துவிட்டு, "தகரத்த மாத்திட்டுப் பொறவு ரப்பர் ஒட்டுங்க சார்" என்றார். மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தக்காரர் வீட்டு மாப்பிள்ளை அழைப்பு. கார் தருவதாகச் சொல்லியிருந்தேன். துருவின் மேலேயே புது ரப்பரை ஒட்டிவிட்டேன். பார்க்க அத்தனை அழகாக இருந்தது.

அங்கே மடவார் வளாகம் கோயில் வாசலில், மாப்பிள்ளையின் அக்கா செல்வி கைக்குழந்தையோடு ஃபுட்போர்டில் கால் வைத்தாள். 'சடக்'கென்று தகரம் உடைந்து கால் உள்ளே போனது. குழந்தை நழுவியது. பக்கத்தில் நின்ற அவள் கணவர் தாவிப் பிடித்துவிட்டார். செல்விக்குக் கெண்டைக்காலில் பதினோரு தையல்.

ஆஸ்பத்திரியில், "துருப்பிடிச்சிருந்தது உங்களுக்குத் தெரியாதாண்ணே?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

அதன்பிறகு வீட்டில் எது விழுந்தாலும் எனக்கு அந்தச் சத்தமாகவே கேட்டது. கனவில் குழந்தை நழுவிக்கொண்டே இருந்தது, பிடிக்க யாருமில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நேரில் போய் உண்மையைச் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும்ணே. உங்க மொகத்தப் பாத்தேன்ல" என்றாள்.

இப்போது புதுத் தகரம் வெல்டிங் செய்து, அதன்மேல் ரப்பர் ஒட்டியிருக்கிறேன். யாரை ஏற்றினாலும் முதலில் நான் ஏறிக் குதித்துப் பார்க்கிறேன். செல்வி மட்டும் அந்தக் காரில் இன்னும் ஏறவில்லை. கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை.