உருண்டைக் கல் குவியலின் மேல் உட்கார்ந்து

எழுபதுகளின் பிற்பகுதி. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றியிருந்த ஒரு சித்திரை மாதம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூர்ப் பக்கம், பஸ் போகும் சாலையிலிருந்து இரண்டு மைல் உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்ன ஊரில் இது நடந்தது. இப்போது அந்தப் பக்கம் போனால் தொழிற்சாலைச் சுவர்கள்தான் கண்ணில் படும். அன்றைக்கு வேலிகாத்தானையும் வறண்டு வெடித்த ஏரியையும் விட்டால் வேறொன்றும் இல்லை.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. கல்லூரியில் நிலவியல் படித்து முடித்து, நிலத்தடி நீர் பார்த்துச் சொல்லும் ஒரு சின்ன அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கழுத்தில் பூதக்கண்ணாடி, இடுப்பில் சுத்தியல், காலில் பூட்ஸ். நடக்கும்போதே ஒரு மிதப்பு இருக்கும். அந்த ஊரில் மாதா கோயிலுக்குப் பின்னால் பொதுக்கிணறு தோண்டிக் கொண்டிருந்தார்கள். வாரம் ஒரு முறை போய், என்ன மண் வருகிறது, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்வது என் பொறுப்பு.

கிணறு வெட்டியது ஒரே குடும்பம். கணவர் கீழே இறங்கி வெட்டுவார். மனைவியின் தம்பிகள் இரண்டு பேர் மேலே கப்பியில் கயிறு இழுப்பார்கள். மேலே வரும் கூடையை வாங்கிக் கொட்டுவது அந்த அம்மா. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். கூடையில் வருவதை அவர் ஒரே இடத்தில் கொட்ட மாட்டார். மேல்மண் வயலுக்கு என்று ஒரு குவியல். களிமண் சுவர் பூச என்று ஒரு குவியல். உடைந்த கல் கட்டடத்துக்கு. உருண்டைக் கல் கட்டடத்தில் நிற்காது என்பதால், அதை மட்டும் எதற்கும் ஆகாதது என்று தூரத்தில் புங்க மரத்தடியில் போட்டு வைத்திருந்தார்.

அங்கே நிழல் நன்றாக இருக்கும். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து நான் உட்காருவது அந்தக் குவியலின் மேல்தான்.

முதல் இரண்டு வாரமும் எனக்கு ஒரே கொண்டாட்டம். என் கண்ணில் பட்டதெல்லாம் ஏடு ஏடாகப் பிரியும் களிக்கல். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் தண்ணீர் தேங்கி நின்ற இடத்தில் வண்டல் படிந்து படிந்து, அழுந்தி அழுந்தி உண்டாவது அது. தட்டிப் பிரித்தால் உள்ளே இலையின் அச்சு, நரம்பு நரம்பாகத் தெரியும். அதையெல்லாம் கைக்குட்டையில் பொத்திப் பொத்திச் சேர்த்தேன். அந்தக் களிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காய்ந்திருக்கும்வரை கல், ஈரம் பட்டால் சோப்பு. அதனால் கிணற்றின் பக்கச் சுவர் சரியாமலிருக்கப் பலகை வைத்து, சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்துக்கொண்டே இறங்கினார்கள். இருபத்தைந்து அடிவரை அப்படித்தான் போனது.

மூன்றாவது வாரம் நான் போனபோது முப்பதடி ஆழத்தில், அடியை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு கருநீலமாக ஒரு பாறை தெரிந்தது. ஒரு சில்லை உடைத்து மேலே அனுப்பினார்கள். கண்ணாடியில் பார்த்ததும் தெரிந்துவிட்டது, சார்னோக்கைட். பல்லாவரத்துக் கருங்கல் என்றால் எல்லோருக்கும் புரியும். பூமியின் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவானது. இந்த வட்டாரத்துக்கே அதுதான் தரை, அதற்கு மேல்தான் களி படிந்தது. அப்படியானால் களி முடிந்து தரை வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் போட்டிருந்த படம் அப்படியே.

ஊரே சுற்றி நின்றது. அடித்தளப் பாறை வந்தாச்சு, இனிமேல் வெடிமருந்து வைத்து உடைத்துக்கொண்டு போகலாம், முட்டுக் கொடுத்து நாளைக் கடத்த வேண்டாம் என்று சொன்னேன். கீழேயிருந்து அந்த மனிதர், இன்னும் நாலு கட்டை கொடுத்தால் நல்லது என்றார்.

"பாறைக்கு எதுக்குய்யா முட்டு?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் குனிந்து கூடையை நிரப்பத் தொடங்கினார்.

அடுத்த வாரம் போனேன். மருந்து வைக்க நீட்டுக் கம்பியால் அடித்துக் குழி போட்டார்களாம்; மூன்றரை அடி போனதும் கம்பி சட்டென்று உள்ளே இறங்கிவிட்டதாம். கல் முடிந்துவிட்டது, கீழே வேறு என்னவோ இருக்கிறது என்றார் கிணறு வெட்டுபவர். பாறையில் ஒரு வெடிப்பு இருக்கும், அவ்வளவுதான் என்றேன் நான். நானே பார்க்கிறேன் என்று இறங்கத் தயாரானேன். கிணற்றில் பூட்ஸோடு இறங்கக் கூடாது, அது அவர்கள் வழக்கம் என்று அந்த அம்மா தடுத்தார். மூட நம்பிக்கை என்று முணுமுணுத்துக்கொண்டே கழற்றினேன்.

எனக்கு முன்னால் இறங்கியிருந்த அந்த அம்மாவின் கணவருக்குப் பக்கத்தில், வெறுங்காலோடு அந்தப் பாறையின் மேல் நின்றேன். வெடிப்பு எதையும் காணோம். அப்போதுதான் அதன் விளிம்பைக் கவனித்தேன். மழமழவென்று வளைந்து களிக்குள் போனது. கை வைத்துத் தடவினேன்; உடைந்த முனை எங்கும் இல்லை. அதற்குள் கம்பி போட்ட குழியிலிருந்து தண்ணீர் கொப்பளித்து வந்து என் பாதத்தை நனைத்தது. மேலே யாரோ "தண்ணி!" என்று கத்த, ஊரே ஆரவாரம் செய்தது.

சந்தோஷப்பட்டது மேலே இருந்தவர்கள்தான். என் காலடியில் ஒரு நடுக்கம். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"சார், கல்லு அசையுது."

பாறை எப்படி அசையும் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கத் தேவையில்லாதபடி அது இன்னொரு முறை அசைந்தது. முட்டு முடிந்த இடத்துக்குக் கீழே, நான் வேண்டாம் என்ற அந்த ஐந்தடிச் சுவர் ஈரம் பட்டு மெதுவாக உப்பிக்கொண்டு வந்தது.

மேலே அந்த அம்மாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "கூடைய எட்றா, கவுத்த வுடு." கயிறு வந்தது. ஒரே கயிறு. பக்கத்தில் நின்ற அவர் கணவர் அதை என் அக்குளுக்குக் கீழே சுற்றி முடிச்சுப் போட்டார். நீங்கள் முதலில் போங்கள் என்று நான் சொன்னேனா என்றால், உண்மையைச் சொல்கிறேன், சொல்லவில்லை. அவர்தான் சொன்னார்: "கடசியா எறங்கினவரு மொதல்ல ஏறணும் சார். அதான் எங்க வயக்கம்."

மேலே வந்து விழுந்தேன். முடிச்சை அவிழ்க்க வேண்டும். ஈரக் கயிறு இறுகிப் போயிருந்தது. தம்பிகளில் ஒருவன் அரிவாளை எடுத்தான். அறுத்தால் கயிறு கீழே எட்டாது என்று அந்த அம்மா அவனைத் தள்ளிவிட்டு, என் மார்பில் குனிந்து பல்லால் முடிச்சைக் கடித்து இழுத்தார். அவர் மூச்சு என் சட்டையில் பட்டது. கீழே களி பொதக்கென்று விழும் சத்தம். பிறகு ஒன்று. பிறகு இன்னொன்று. அவர் தலையைத் தூக்கவே இல்லை. என் வாழ்நாளில் அதைவிட நீண்ட நேரத்தை நான் பார்த்ததில்லை.

முடிச்சு விட்டது. கயிறு போனது. சேறு பெயரும் பெரிய சத்தம் ஒன்று கேட்டது, அப்புறம் எதுவுமே இல்லை. கயிறு தொய்ந்து கிடந்தது. அந்த அம்மா கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், ஒரே ஒரு முறை. கயிறு விறைத்தது.

ஊரே சேர்ந்து இழுத்தது. மார்புவரை சேறோடு அவர் மேலே வந்தார். இடது கால் கட்டை விரல் நசுங்கித் தொங்கியது. அவர் நின்றிருந்த இடத்தில் அந்தப் பாறை புரண்டு கிடந்தது, பானையைக் கவிழ்த்தது போல முழு உருண்டையாக.

அவரை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். நான் அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றேன். திட்டுவார், அடித்தாலும் அடிக்கட்டும் என்று நினைத்தேன். அவர் புங்க மரத்தடிக் குவியலைக் காட்டினார்.

"ஒரே பாறன்னா ஒரே கல்லுதான சார் வரணும்? இதுல வெள்ள கீது, வரி போட்டது கீது, கருப்பு கீது. அல்லாமே உருண்ட. வாரா வாரம் அது மேல உக்காந்துகினு சாப்ட்டீங்களே, பாக்கலியா?"

வண்டி கிளம்பிவிட்டது. அவர் பின்னாலேயே ஓடினார்.

குவியலின் முன்னால் மண்டியிட்டேன். வெண்கல், வரிப்பாறை, கருங்கல். வெவ்வேறு மலைகளில் பிறந்து, ஏதோ ஒரு காலத்து ஆற்றில் உருண்டு உருண்டு மழுங்கி, இங்கே வந்து ஒன்றாகத் தங்கியவை. கருங்கல்தான், நான் சொன்னது தப்பில்லை. ஆனால் அது தரை இல்லை. களிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஆற்றுக் கல், கொஞ்சம் பெரிசு. பரீட்சையில் இதே கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

அந்த வாரமே அலுவலகத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். கிணறு பிறகு முழுக்க முட்டுக் கொடுத்து முடிக்கப்பட்டது, நல்ல தண்ணீர். கால் ஆறியதும் அவரே இறங்கி முடித்தார். பார்க்கப் போனபோது நொண்டிக்கொண்டே வந்து எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அவர் காலைப் பார்க்காமல் குடித்தேன்.

அதற்கப்புறம் எந்தக் கிணற்றுக்குப் போனாலும் பூட்ஸைக் கழற்றிவிட்டு முதலில் குவியல்களைச் சுற்றி வருவேன். முப்பது வருஷம் கல்லைப் பார்த்தே சம்பளம் வாங்கி ஓய்வும் பெற்றுவிட்டேன், இன்றும் ஒரு கல் குவியலைக் கண்டால் அந்த அம்மா கேட்ட "பாக்கலியா" காதில் விழ, குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன்.