நட்சத்திரக் கணக்குக்கு வைத்த சந்தனம்

புதுச் சட்டைக்குள் மடித்து வைத்திருக்கும் அட்டையை உருவி என்றைக்காவது முகர்ந்து பார்த்திருக்கிறீர்களா? பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறைக்கு எப்போதும் அந்த வாசனைதான். அங்கே அலமாரியின் மேல்தட்டில், அப்பா தீபாவளிக்கு வாங்கிய செருப்பின் காலிப் பெட்டிக்குள், நானூறுக்கும் மேற்பட்ட "ஓட்டை அட்டைகள்" அடுக்கப்பட்டிருந்தன. மங்கலான மஞ்சள் நிறம், கையகலம், ஒரு மூலை மட்டும் சாய்வாக வெட்டியிருக்கும், உடம்பெல்லாம் அரிசி அளவில் நீள்சதுர ஓட்டைகள். பெட்டியைத் தொட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அடுப்பையோ கிணற்றையோ பற்றிக்கூட அவர் எங்களை அவ்வளவு எச்சரித்ததில்லை.

இது எழுபதுகளின் கடைசியில். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தார். சைக்கிளில் போய் சைக்கிளில் வருவார். வந்து காப்பி குடித்ததும் நோட்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி. எரிபொருள் தீர்ந்துபோன ஒரு நட்சத்திரம் தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்குமா, இல்லை உள்ளுக்குள்ளேயே நொறுங்கிப்போகுமா, எவ்வளவு எடை வரைக்கும் நிற்கும் என்பதுதான் கேள்வி. நட்சத்திரத்தை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அடுக்கடுக்காகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வோர் அடுக்கையும் மேலே இருப்பது எவ்வளவு அழுத்துகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போகவேண்டும். அடுக்குகளோ ஆயிரக்கணக்கில். கையால் போட்டால் ஆயுசு போதாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும். அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரிகிறபடி கணக்கை எழுதித் துளை போட்டவைதான் அந்த அட்டைகள். அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவே பிடிக்காது. "செத்துப்போன நட்சத்திரத்துக்கா இம்புட்டுப் பாடு? உசுரோட இருக்குற நாங்க கூப்புட்டாத் திரும்பிப் பாக்க மாட்டேங்குறீக" என்பாள். சொல்லிவிட்டு இரண்டாவது காப்பியையும் கொண்டுவந்து வைப்பாள்.

துளை போடும் மிஷின் எங்கள் ஊரில் ஒரே ஒரு பெரிய கம்பெனியின் அலுவலகத்தில்தான் இருந்தது என்று அப்பா சொல்வார். அதை ஓட்டியவர் காதர் மாமா. காஜிமார் தெருக்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், விரல்கள் அப்படிப் பறக்கும். அப்பா அந்தக் கம்பெனி மேனேஜரைப் பார்த்து அனுமதி வாங்கியிருந்தார். அலுவலகம் முடிந்த பிறகு தினமும் ஒரு மணி நேரம் காதர் மாமா உட்கார்ந்து அப்பாவுக்காக அட்டை அடித்துக் கொடுத்தார். நான்கு மாதம் ஆயிற்று. தப்பாக அடிபட்ட அட்டைகள் எனக்கு வரும். நான் அவற்றை வெயிலுக்கு நேரே பிடித்து, தரையில் விழும் வெளிச்சப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். எனக்குப் பள்ளிக்கூடத்தில் அப்போது ஏக மவுசு. "எங்கப்பா டாக்டராகப் போறாங்க" என்று சொல்லிவைத்திருந்தேன். "ஊசி போடுவாங்களாடி?" என்று கேட்டவளிடம், "நட்சத்திரத்துக்குப் போடுவாங்க" என்று சொன்ன வாய்க்காரி நான்.

கம்ப்யூட்டர் இருந்தது சென்னையில். வெளியூர்க்காரர்கள் எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டும். அப்பாவுக்குப் பத்து மாதம் கழித்து முறை வந்தது: விஜயதசமிக்கு மறுநாள் காலையில் இரண்டு மணி நேரம். அதை விட்டால் அடுத்த வருஷம்தான். ஆனால் ஆராய்ச்சியை எழுதிக் கொடுக்க அவருக்கு இருந்த கெடுவோ அந்த வருஷக் கடைசியோடு முடிந்தது. இதை அப்பா அம்மாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன், ஆகவே எனக்குத் தெரியாது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்ள முடியாது.

சரஸ்வதி பூஜை வந்தது. எங்கள் வீட்டில் புத்தகம், நோட்டு, அப்பாவின் சைக்கிள், அம்மாவின் தையல் மிஷின், அரிவாள்மனை, சுத்தியல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. பொட்டு வைக்கிற வேலை என்னுடையது. அந்த வருஷம் அப்பாவின் அட்டைகளையும் பூஜையில் வைக்கவேண்டும் என்று அம்மா ஒரே பிடிவாதம். "வையி, ஆனா பெட்டியத் தொறக்காத" என்று சொல்லிவிட்டு அப்பா கல்லூரி ஆய்வுக்கூடத்துப் பூஜைக்குக் கிளம்பிப் போய்விட்டார். பெட்டியை இறக்கிக் கையில் வாங்கிய பிறகுதான் அம்மாவுக்கு அது என்ன பெட்டி என்று உறைத்தது. "அட கூறுகெட்ட மனுசா! செருப்புப் பொட்டியவா சாமி முன்னால வைப்பாக?" என்று தலையில் அடித்துக்கொண்டு, அட்டைகளை அப்படியே அடுக்குக் கலையாமல் தூக்கிப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்தாள். "ஒண்ணையும் விட்றாதடி, எல்லாத்துக்கும் வையி" என்று என்னிடம் சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, சுண்டலைத் தாளிக்க உள்ளே போனாள்.

மேல் அட்டைக்கு ஒரு பொட்டு வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான்தான் அப்படிச் செய்கிற ஆளில்லையே! ஒவ்வோர் அட்டையிலும் கணக்கின் ஒவ்வொரு படி இருக்கிறது என்று அப்பா எனக்குச் சொல்லியிருந்தார். அப்படியானால் ஓர் அட்டையை விட்டுவிட்டால் அந்தப் படிக்கு மட்டும் சரஸ்வதி துணை இருக்காதே என்று பத்து வயது மூளைக்குப் பட்டது. உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக எடுத்து, ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்து, மூலையில் ஒரு சொட்டுச் சந்தனம், அதன்மேல் ஒரு சிட்டிகை குங்குமம், பிறகு வரிசை மாறாமல் ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரு ஓட்டையைக்கூட நான் அடைக்கவில்லை. அந்தப் பொறுமையும் பொறுப்பும் அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் எந்த வேலையிலும் எனக்கு வரவில்லை. அம்மா வந்து பார்த்தபோது மேலே இருந்த ஒரு பொட்டுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. விஜயதசமி அன்று குளித்துவிட்டு, புத்தகத்தை எடுத்து ஆளுக்கு நான்கு வரி படித்த பிறகு, அப்பா தாம்பாளத்துக்கு வந்தார். மேல் அட்டையைத் தூக்கினார். கூடவே முப்பது நாற்பது அட்டைகள் ஒரே கட்டியாக வந்தன. அப்பா அந்தக் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விளிம்பில் நகத்தை விட்டு இரண்டைப் பிரித்தார், பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"எல்லாத்துலயுமாம்மா?" என்று கேட்டார்.

"ஒண்ணு விடாம வச்சிருக்கேம்ப்பா" என்றேன். சபாஷ் சொல்வார் என்று நினைத்தேன், அதுதான் கொடுமை.

விஷயம் புரிந்ததும் அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பா, "நீதான ஒண்ணையும் விடாதன்னு சொன்ன? சொன்னதச் செஞ்சுச்சு புள்ள, விடு" என்றார். ஓங்கிய கை அப்படியே கீழே இறங்கியது. அன்று முழுக்க அம்மா என்னைத் திட்டவேயில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் காதர் மாமாவைக் கூட்டிவந்தார். அவர் ஓர் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "யா அல்லா! ஈரம் குடிச்சு வீங்கியிருக்கே சார். இத அங்க அட்டை படிக்கிற ரீடர்ல விட்டா மாட்டிக்கிரும்" என்றார். பார்க்கப் போனால் வழி இல்லாமல் இல்லை. அதே துளை போடும் மிஷினில் பழைய அட்டையை வைத்தால் புது அட்டையில் அப்படியே நகல் விழும். உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம். ரயில் சாயங்காலம் தாண்டித்தான். அப்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் காதர் மாமாவின் முகம் தெளியவில்லை.

"மிஷினும் பூஜையில இருக்கு சார்" என்றார். "நானேதான் தொடச்சு, மாலை போட்டு, பொட்டு வச்சுட்டு வந்தேன். நாளைக்குக் காலையில மேனேஜர் வந்து சூடம் காட்டித்தான் எல்லாத்தையும் ஓட்டணும். வாட்ச்மேன் நம்மாளுதான், சொன்னாத் தொறந்து விடுவாரு. ஆனா..." கையிலிருந்த அட்டையைத் தாம்பாளத்தில் திரும்ப வைத்தார். "பூஜையில இருந்த மிஷினப் பாய் போய்த் தொட்டுட்டான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிட்டாப் போதும் சார். இந்த ஒருநாள் மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க. நீங்க கேட்டா நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன், அதுனாலதான் சொல்றேன்."

அப்பா கேட்கவில்லை. மூன்று வருஷ உழைப்பு தாம்பாளத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, எதிரே நிற்கிற மனிதர் கேட்டால் செய்துவிடுவார், ஆனாலும் அப்பா கேட்கவில்லை. "அதெல்லாம் வேணாம் காதர், சுரண்டிப் பாப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவர் எதை விட்டுக்கொடுத்தார் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை.

பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை வேறெந்த ஆராய்ச்சிக்காரர் வீட்டிலும் யாரும் பார்த்திருக்க முடியாது. காதர் மாமா சவர பிளேடால் சந்தனத்தைச் சுரண்டினார், அப்பா துணியால் துடைத்தார், நான் வரிசை மாறாமல் எடுத்துக் கொடுத்தேன், அம்மா கரிப் பெட்டியில் கங்கு போட்டு, வேட்டித் துணியை விரித்து அட்டைகளுக்கு இஸ்திரி போட்டாள். சூடு பட்டதும் வீடு முழுக்கச் சந்தன வாசனை தூக்கலாக எழும்பியது. "நல்லாத்தான்யா மணக்குது உங்க நட்சத்திரம்" என்று அம்மா முணுமுணுக்க, அந்தக் கவலையிலும் காதர் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானம் நால்வரும் முதல்நாள் சுண்டலையே சாப்பிட்டோம். அட்டைகள் ஏறக்குறைய நேராகிவிட்டன, மூலையில் மட்டும் அம்மைத் தழும்புபோல லேசாக ஒரு மேடு. அப்பா புதுப் பெட்டி ஒன்றில் அவற்றை வைத்துக் கட்டி, "போயிட்டு வாரேன்" என்று ரயிலேறப் போனார். நான் வாசலில் நின்றுகொண்டு எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "நாலாவது அட்டையிலயே மிஷின் மென்னு துப்பிருச்சு. அந்த ஆபரேட்டர் எல்லாத்தையும் வாரி என் கையில குடுத்துட்டாரு" என்று அம்மாவிடம் சிரித்தபடி சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"என்னாலதானாப்பா?" என்றேன்.

"போடி இவளே! ஊருக்கு வரும்போது ரயில்ல நோட்ட எடுத்துப் பாக்குறேன், எம் கணக்குலயே நடுவுல ஒரு தப்பு. ஓடியிருந்தாலும் தப்பான விடைதான் வந்திருக்கும். ஓடாததே நல்லது" என்றார்.

நான் நம்பினேன். நம்பினேன் என்ன, நிம்மதியாகச் சோறு சாப்பிட்டேன். காதர் மாமா அடுத்த இரண்டு வாரத்தில் எல்லா அட்டைகளையும் புதிதாக அடித்துக் கொடுத்தார். ஆனால் கெடு போய்விட்டது, முறை போய்விட்டது. அப்பா கடைசி வரைக்கும் "சார்" ஆகவே ஓய்வு பெற்றார். கல்லூரியில் அவரோடு வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக டாக்டர் ஆனபோது, யாராவது கேட்டால், "எம் கணக்குல ஒரு தப்பு விழுந்திருச்சுங்க" என்று அவர்களிடமும் அதையேதான் சொன்னார். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கப்பா கணக்கில் தப்பு விட்டுவிட்டார் என்று இளவயதில் எனக்கு அவர்மேல் சின்ன வருத்தம்கூட இருந்தது. வெட்கக்கேடு, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அட்டைகள் உலகத்திலேயே இல்லை. காதர் மாமாவின் அலுவலகம் இருந்த இடத்தில் துணிக்கடை வந்துவிட்டது, காதர் மாமாவும் இல்லை, அம்மாவும் இல்லை. ஒரு கணக்கைப் பெட்டியில் கட்டிக்கொண்டு ராத்திரியெல்லாம் ரயிலில் போய் இன்னொரு ஊரில் விடை கேட்கிற காலம் இருந்தது என்று சொன்னால், இன்ஜினியரிங் படிக்கும் என் மகள் நான் அளக்கிறேன் என்கிறாள். எண்பத்தைந்து வயதான அப்பா எங்களோடுதான் இருக்கிறார். போன கோடை விடுமுறையில் என் மகள் அவருடைய பழைய நோட்டைப் பார்த்துவிட்டு, அவர் ஃபோர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியிருந்ததை ஒரே மத்தியானத்தில் தன் லேப்டாப்பில் அடித்தாள். அந்தப் பழைய மொழி இன்னும் உயிரோடு இருக்கிறதாம். பொத்தானை அழுத்தினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் விடை வந்துவிட்டது.

"நடுவுல ஒரு தப்பு இருக்குமே, அத எப்படிச் சரிபண்ணுன?" என்று கேட்டேன்.

"என்ன தப்பு? தாத்தா எழுதுனத எழுதுனபடி அடிச்சேன், ஓடிருச்சு. ஒரு புள்ளியக்கூட மாத்தலம்மா" என்றாள்.

அப்பா சமையலறை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். லேப்டாப்பை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வெகு நேரம் அந்த எண்களைப் பார்த்தார். "இந்த எடைக்கு மேல நிக்காதுன்னுதான் நானும் நெனச்சேன்" என்றார்.

"தப்புன்னு சொன்னீங்களேப்பா? எல்லார்கிட்டயும் சொன்னீங்களே?"

"பத்து வயசுப் புள்ளைகிட்ட வேற என்னத்தச் சொல்லச் சொல்ற? ஊருக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணுன்னு மாத்திச் சொன்னா ஒருநா மாட்டிக்கிருவேன்ல" என்று சொல்லிவிட்டுக் கீரைக் கொத்தைக் கையில் எடுத்தார்.

ஐம்பது வயதைத் தாண்டிய நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றும் பாராமல் ஓவென்று அழுதேன். "இப்ப எதுக்கு அழுகுற? விடை சரியாத்தான வந்திருக்கு" என்றார் அப்பா.