ஒரு புளியங்கொட்டை

நல்ல ஆசிரியை என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்த எண்பதுகள் அவை. பொம்மிடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுத்தேன். நட்பைச் சொல்லித்தர, கணக்குக்கு வைத்திருந்த டப்பாவிலிருந்து ஆளுக்கொரு புளியங்கொட்டை கொடுத்தேன்.

"யாரை ரொம்பப் பிடிக்குமோ அவங்களுக்குக் குடுங்க."

சிலருக்கு நாலைந்து சேர்ந்தன. வீட்டில் கன்னடம் பேசும் மாதம்மா தன்னுடையதைப் பக்கத்துச் சிறுமிக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கையை நீட்டியபடி காத்திருந்தாள். யாரும் கொடுக்கவில்லை.

நான் அதையே பாடமாக்கினேன். "பாருங்க, யாரோடயும் பேசாம இருந்தா இப்படித்தான்."

மறுநாள் பாவாடை மடி நிறையப் புளியங்கொட்டையோடு வந்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"உங்களுக்குந்தாங்க டீச்சர். இனிமே என்னோட சேருவாங்களா?"

"சேருவாங்க, போய் உக்காரு" என்றேன், வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

யாரும் சேரவில்லை. அந்த மாதக் கடைசியில் அவள் குடும்பம் கட்டட வேலைக்காகப் பெங்களூர் போய்விட்டது.

முதல் நாள் அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றபோது, என் டப்பாவில் இன்னும் ஒரு கை கொட்டை மிச்சமிருந்தது. அதில் ஒன்றை எடுத்து அவள் கையில் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.