கைப்பிடி அடியில் நாலு தையல்

தோல் ஒட்டுகிற சொலுஷன் பசை படிந்த விரலை முந்தானையில் இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் ஜஹானாரா கைபேசித் திரையைத் தொடுவாள். தொட்டுவிட்டால் அவ்வளவுதான். திரையில் இருக்கிற தோல் பையை இடப்பக்கம் உருட்டுவாள், வலப்பக்கம் உருட்டுவாள், குப்புறக் கவிழ்ப்பாள், வாய்க்குள் எட்டிப் பார்ப்பாள். அதே பை நிஜமாய் அவள் மடியில் கிடக்கும். ஒரு கை தோலைத் தடவும், மறு கை கண்ணாடியைத் தடவும்.

பம்மலில் கிபாயத்துல்லாவின் பைப் பட்டறையில் பதினேழு வருடமாகத் தைக்கிறாள். பையைக் கணினியில் செய்து அனுப்புகிற கீதா இருப்பது பொத்தேரியில். வெறும் படம் இல்லை அது. வாங்குகிறவர்கள் திரையில் விரலால் திருப்பித் திருப்பிப் பார்க்கிற முப்பரிமாண மாதிரி. வந்த மாதிரியில் பிழை பிடித்துத் திருத்தச் சொல்வது ஜஹானாராவின் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, அவளாக எடுத்துக்கொண்டது. எழுதத் தெரியாது என்பதால் எல்லாமே குரல் பதிவுதான். ஒரே பைக்குப் பதினொரு பதிவு அனுப்பிய நாளும் உண்டு.

"கீதாம்மா, பை தரைல குந்திகினு கீது. கைப்பிடி மட்டும் வெறச்சிகினு மேல நிக்குதே, எந்த ஜின்னு வந்து புடிச்சிகினு நிக்குது? தொப்புனு சாயணும் கண்ணு. உள்துணி டீ கலரு, நீ காபி கலரு போட்டுக்கீற."

கீதா கைப்பிடியைச் சாய்த்தாள், நிறத்தை மாற்றினாள். அதெல்லாம் சின்னத் திருத்தங்கள். இந்த முறை வந்தது பெரிய வம்பு.

இரண்டு கைப்பிடிகளும் பையோடு சேருகிற நாலு இடத்திலும் ஜஹானாரா தைத்து முடித்ததும், போன ஓட்டைகளிலேயே திரும்பி வந்து நாலு தையல் போடுவாள். அங்கே நூல் தடித்துத் தெரியும். கீதா அதைக் கைப்பிசகு என்று நினைத்து, கோடு போட்டாற்போல் சீராக்கிவிட்டாள்.

"அழகாத்தான் கீது," என்றாள் ஜஹானாரா. "ஆனா இது என் பை இல்ல."

கிபாயத்துல்லாவுக்கு ஒரே பேஜார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் மாதிரி துபாய்க்குப் போயாக வேண்டும். இரண்டாயிரம் பைக்கு ஆர்டர். பல்லாவரத்தில் இன்னும் இரண்டு பட்டறைகள் இந்த மாதிரியைப் பார்த்துத்தான் தைக்கப்போகின்றன.

"அத யாரும்மா பூதக்கண்ணாடி வெச்சிப் பாக்கப்போறா? ஓகே சொல்லு."

"தைக்கறவன் பாப்பான் பாய். இதுல இல்லாதத அவன் போட மாட்டான். நாலு நாள்ல கைப்பிடி கையோட வந்துடும். அப்போ யாரு பேரு கெடும்?"

"உன் பேரு அதுல எங்க கீது?"

"அந்த நாலு தையல்லதான் கீது."

கீதாவும் விடவில்லை. "அக்கா, ஜூம் பண்ணா அது மிஸ்டேக் மாதிரி தெரியும். சொன்னா கேளுங்களேன்."

அதற்கு ஜஹானாரா குரல் பதிவு அனுப்பவில்லை. மெஷினில் உட்கார்ந்து, கீதாவின் மாதிரிப்படியே திரும்பி வராத தையலில் ஒரு பை தைத்தாள். அவசரமாகத் தன் முறையிலும் ஒன்று தைத்தாள். இரண்டையும் கூரைக் கம்பியில் மாட்டி, தோல் வெட்டும் இரும்பு அச்சுகளை இதில் ஒன்று, அதில் ஒன்றாகப் போட ஆரம்பித்தாள். பக்கத்து மெஷின் முனியம்மா கைபேசியில் பிடித்தாள்.

"கைய ஆட்டாதடி! சினிமாவா எடுக்கற?"

"கல்யாணப் பொண்ணாட்டம் நடுவுல வந்து நிக்காத நீ. பை தெரியல!"

ஏழாவது அச்சில் கீதா சொன்ன பையின் கைப்பிடித் தையல் வாயைப் பிளந்தது. ஜஹானாராவின் பை பதினொன்றைத் தாங்கியது. அதற்கு மேல் போட உள்ளே இடமில்லை. அந்த வீடியோ பொத்தேரிக்குப் போன ஐந்தாவது நிமிடம் பதில் வந்தது.

"ஸாரிக்கா. அந்தத் தையல கிட்டத்துல போட்டோ எடுத்து அனுப்புங்க. அப்படியே போட்டுடறேன்."

நாலரை மணிக்கு மாதிரி வந்தது. ஜஹானாரா பெரிதாக்கினாள். நாலு இடத்திலும் நூல் தடித்து, திரும்பி வந்த தையல்கள் அச்சு அசலாக நின்றன.

"அடியே, ஒன் தையலு கம்ப்யூட்டர்ல ஏறிடிச்சேடி!" என்றாள் முனியம்மா. ஜஹானாராவின் முகவாய் தானாக உயர்ந்தது.

"அப்போ அனுப்பிடவா?" என்று கிபாயத்துல்லா கைபேசிக்குக் கை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. திரையில் அந்த நாலு இடத்தில் மூன்றாவதில், கைப்பிடி அடியில், அரிசி நீளத்துக்கு ஒரு நூல் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அவள் நறுக்காமல் விட்ட நூல். போட்டோவை நம்பி, கீதா அதையும் விடாமல் வரைந்திருந்தாள். மணி ஐந்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஜஹானாரா கத்தரியை எடுத்து, மடியில் கிடந்த நிஜப் பையின் நூலைத் தோலோடு ஒட்ட நறுக்கினாள். கீதாவை வீடியோவில் கூப்பிட்டு, அந்த இடத்தைக் கேமராவுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.