தடியின் மறுமுனை

எண்பதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மல்லாவிக்கு மாற்றலாகி வந்த ஆசிரியை நான். ஒரு விடுமுறை நாளில், காட்டுக்குள் இருந்த பழைய கல் மண்டபத்தைப் பார்க்க நானும் என் தோழியும் புறப்பட்டோம். வழிகாட்டக் கையில் தடியோடு ராசம்மா வந்தார். இனக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, இங்கே காட்டோரம் குடியேறியவர். யானை லத்தியில் ஈரம் தெரிந்தால் பேசாமல் எங்களை வேறு பாதைக்குத் திருப்புவார்.

திரும்பி வரும்போது மழையில் பாலியாறு பெருகியிருந்தது. ராசம்மா தோழியைக் கைபிடித்து அக்கரை சேர்த்துவிட்டு, மறுபடி வந்து என்னிடம் கையை நீட்டினார்.

“கெட்டியா புடிச்சுக்குங்க டீச்சர். தண்ணி இழுக்குது.”

தோட்டத்து ஆட்களின் கையால் தண்ணீர்கூட வாங்காத வீடு எங்களுடையது.

“உம்மட தடியை நீட்டும், அது காணும்” என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தடியை நீட்டினார்.

நடு ஆற்றில் கால் வழுக்கியது. தடி நழுவ, தண்ணீர் தலைக்கு மேலே போனது. ராசம்மா பாய்ந்து என் மணிக்கட்டைப் பற்றிக் கரைக்கு இழுத்து வந்தார். கரையேறியதும் சட்டென்று கையை விட்டார்.

“மன்னிச்சுக்குங்க டீச்சர். வேற வழியில்லாம தொட்டுட்டேன்.”

“பரவாயில்லை” என்றேன்.

ஆற்றில் விழுந்த கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். என் உயிரைக் காப்பாற்றியவரை நான் பெருந்தன்மையாக மன்னித்ததை மட்டும் இன்றுதான் சொல்கிறேன்.